ஐந்து நிமிஷத்துக்கு ஒரு 'நலமா?'

தாம்பரம் ஸ்டேஷன். காலை எட்டரை மணி. பீச் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கிறீர்கள்.

'வண்டி ரத்து' என்று மைக்கில் சொல்லிவிட்டால் பெரிய கஷ்டமில்லை. நாலு திட்டு திட்டிவிட்டு, பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போய்விடலாம். ஆனால், வண்டி வருகிறது. ஏறி உட்காருகிறீர்கள். சானடோரியம் தாண்டியதும் நிற்கிறது. கிளம்புகிறது. குரோம்பேட்டை தாண்டி மறுபடி நிற்கிறது. ஏன்? முன்னால் ஒரு வண்டி நிற்கிறதா, சிக்னல் கோளாறா, தண்டவாள வேலையா? உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கேயோ ஒரு கன்ட்ரோல் ரூமில் இருக்கிற ஆசாமிக்குத்தான் தெரியும்.

இப்போது அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வங்கிக்குள் நுழையுங்கள். பாஸ்புக்கை நீட்டுகிறீர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் கீபோர்டை நாலு தட்டு தட்டிவிட்டு, "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார், கொஞ்சம் உட்காருங்க" என்கிறார்.

இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழர் யாராவது உண்டா? ரேஷன் கடை, ரிஜிஸ்டர் ஆபீஸ், மின்சார பில் கட்டும் இடம், எங்கே போனாலும் இதே மந்திரம்தான். சரி, எது ஸ்லோ? அந்தக் கம்ப்யூட்டரா? சுவரில் தொங்குகிற வயரா? தெருவில் பள்ளம் தோண்டியவர் வெட்டிய கேபிளா? மும்பையில் இருக்கும் சர்வரா? சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

நெட்வொர்க் செத்துப்போனால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். அதற்கு உடம்பு சரியில்லை என்றால்தான் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மனிதன் என்னவெல்லாம் செய்தான் என்பது சுவாரசியமான சரித்திரம். அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போய் வந்துவிடுவோம்.

*

1969, அக்டோபர் 29. கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரிலிருந்து, சில நூறு மைல் தள்ளி இருந்த இன்னொரு ஆராய்ச்சிக்கூடக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து அனுப்பப் பார்த்தார்கள். 'எல்' போனது. 'ஓ' போனது. அத்தோடு எதிர்முனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இன்டர்நெட்டின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தியே பாதியில் அறுந்த செய்திதான்! நெட்வொர்க் என்று ஒன்று பிறந்த அன்றே, நெட்வொர்க் கோளாறும் கூடப் பிறந்துவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து, 1980 அக்டோபர் 27 அன்று, அதே ஆர்ப்பாநெட் மொத்தமாக முடங்கியது. மணிக்கணக்கில் யாராலும் எதையும் அனுப்ப முடியவில்லை. காரணத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆர்ப்பாநெட்டின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கருவி இருக்கும். 'என் பக்கத்து லைன் இப்படி இருக்கிறது, இவ்வளவு தாமதம் ஆகிறது' என்று அது மற்ற கருவிகளுக்கு அவ்வப்போது நிலவர அறிக்கை அனுப்பும். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. புது எண் வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு ஒரு கருவியில் நிகழ்ந்த கோளாறால் சில பிட்டுகள் தவறி, ஒரே அறிக்கை மூன்று வெவ்வேறு எண்களோடு கிளம்பிவிட்டது. மூன்றில் எது புதுசு? ஒன்றைவிட இரண்டு புதுசு, இரண்டைவிட மூன்று புதுசு, மூன்றைவிட ஒன்று புதுசு என்று கணக்கு வட்டமடித்தது. எல்லாக் கருவிகளும் அந்த மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருந்தன. வேறு வேலை பார்க்க நேரமே இல்லை.

கவனித்தீர்களா? நெட்வொர்க்கைக் கொன்றது அதன் உடல்நல அறிக்கை. இந்தச் சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

*

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். ராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. அங்கே நெட்வொர்க் ஏதோ முரண்டு பிடித்தது. தண்ணீருக்கு அடியில் போகும் நீர்மூழ்கிக் கப்பல் 'பிங்' என்று ஒரு ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து எதிரே இருப்பதைக் கண்டுபிடிக்குமே, அதே தந்திரம்தான். எதிர்முனைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பு. திரும்பி வருகிறதா பார். வர எத்தனை மில்லி செகண்டு ஆனது என்று கணக்குப் போடு. பெயரும் 'பிங்'தான்.

சுமார் ஆயிரம் வரி. இதுதான் தன் பெயரைச் சொல்லப் போகிறது என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்று பிற்பாடு மூஸ் வேடிக்கையாகச் சொன்னார். 2000-ம் ஆண்டில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். இன்றைக்கும் உலகம் முழுக்க நெட்வொர்க் ஆசாமிகள் காலையில் ஆபீஸ் வந்ததும் முதலில் தட்டுகிற வார்த்தை அவருடையது.

பிங் நல்ல பிள்ளை. ஆனால் 'உயிரோடு இருக்கியா?' என்று மட்டும்தான் அதற்குக் கேட்கத் தெரியும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் போதுமா?

போதாது என்று 1986 அக்டோபரில் புரிந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம் மாதிரி. இடையே சுமார் 400 கெஜம்தான் தூரம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட்டுகள் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 40 பிட்டுகளாக இறங்கியது. ஆயிரம் அல்ல, நூறு அல்ல... நாற்பது! ஒரு ஆளிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்து நடந்து போகச் சொன்னால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கும்.

வயர் அறுந்திருக்கவில்லை. கருவி கெட்டிருக்கவில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களும் 'என் பொட்டலம் போய்ச் சேரலை' என்று பதறி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, வழியை அடைத்துவிட்டன. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தால் என்ன ஆகும்? அதேதான். வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்ற இருவர் உட்கார்ந்து யோசித்தார்கள். 'நெரிசல் தெரிந்தால் ஒதுங்கு, மெதுவாகத் தொடங்கி வழி கிடைக்கக் கிடைக்க வேகத்தைக் கூட்டு' என்று கம்ப்யூட்டர்களுக்குப் போக்குவரத்து ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று நீங்கள் செல்போனில் வீடியோ பார்க்கும்போதும் அந்த ஒழுக்கத்தின் வாரிசுகள்தான் வேலை செய்கின்றன.

ஆக, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டால் மட்டும் போதாது. 'எவ்வளவு சுமை தூக்குகிறாய்? எத்தனை பொட்டலம் தவறவிட்டாய்? கடைசியாக எப்போது மயங்கி விழுந்து எழுந்தாய்?' என்றும் கேட்க வேண்டும். அதுவும் நூறு கம்பெனிகள் தயாரித்த ஆயிரம் விதமான கருவிகளிடம், ஒரே பாஷையில்.

அந்தப் பாஷை 1988 ஆகஸ்டில் வெளியானது. பெயர் எஸ்.என்.எம்.பி. 'எளிய நெட்வொர்க் மேலாண்மை நெறிமுறை' என்று தமிழில் சொல்லலாம். ஜெஃப்ரி கேஸ், ஜேம்ஸ் டேவின், மார்க் ஃபெடர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் என்று நான்கு பேர் எழுதியது. அதன் கதையில் ஒரு தமாஷ் உண்டு. பெரிய பெரிய கமிட்டிகள் சேர்ந்து பிரமாண்டமான வேறொரு ஏற்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தன. அது தயாராகிற வரைக்கும் சமாளிக்க இது இருக்கட்டும் என்றார்கள். கல்யாண மண்டபம் கட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை. மண்டபத்துக்கு ஆள் வரவேயில்லை. கொட்டகை முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது? உங்கள் அப்பார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வாட்ச்மேன். கையில் ஒரு நோட்டு. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்துக்கொண்டே இருப்பார். செகரட்டரி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இன்டர்காமில் கூப்பிட்டு, "ஏம்பா, மூணாம் பக்கம், ரெண்டாவது வரி என்ன?" என்று கேட்பார். வாட்ச்மேன் எண்ணை மட்டும் சொல்வார். அவ்வளவுதான். அந்த வாட்ச்மேனுக்கு 'ஏஜென்ட்' என்று பெயர். செகரட்டரிக்கு 'மேனேஜர்'. எல்லாக் கருவியிலும் நோட்டின் பக்க எண்கள் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் விஷயம். திடீரென்று தொட்டி வழிந்தால் வாட்ச்மேன் கேட்காமலே ஓடிவந்து கத்துவார். அதற்கு 'ட்ராப்' என்று பெயர்.

நோட்டில் இருக்கும் எண், காரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும். இப்போது ஒரு ரீடிங், ஐந்து நிமிஷம் கழித்து ஒரு ரீடிங். கழித்து, நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். இதில் ஒரு பொறியும் உண்டு. பழைய கருவிகளில் அந்த மீட்டர் சுமார் 429 கோடி பைட் வரைதான் எண்ணும். அப்புறம் பூஜ்யம். நொடிக்கு 10 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்று முடிய 57 நிமிஷம். 100 மெகாபிட் என்றால் ஆறு நிமிஷம்கூட ஆகாது. 1 கிகாபிட் லைனில்? 34 விநாடிதான்! ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிற செகரட்டரிக்கு மீட்டர் எட்டு முறை சுற்றி வந்தது தெரியவே தெரியாது. 'லைன் காலியா இருக்கு சார்' என்று சாதிப்பார். அதற்காகத்தான் பிற்பாடு மீட்டரைப் பெரிதாக்கினார்கள்.

*

இப்போது ஊருக்குத் திரும்புவோம்.

1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிடுகிறது. முதலில் கிடைத்த நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. மோடம் 'கீய்ங்... கர்ர்ர்' என்று கத்தி, போன் லைன் கிடைத்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி ஆறிப்போகும்.

தாம்பரத்தில் அப்போது கம்ப்யூட்டர் வாசனை லேசாக அடித்துக்கொண்டிருந்தது. 1984-ல் அங்கே ஏற்றுமதி வளாகம் வந்திருந்தது. மெப்ஸ் என்று பஸ் கண்டக்டர்கூடக் கூவுவாரே, அதே இடம். மற்றபடி ரயில்வே, விமானப்படை, டி.பி. சானடோரியம், கிறிஸ்தவக் கல்லூரி. வீட்டு வாடகை மலிவு என்பதால் குடிவந்த நடுத்தரக் குடும்பங்கள். அவ்வளவுதான் புறநகர்.

அடுத்த வருஷம், 1996-ல், சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் சில இளைஞர்கள் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் டாக்டரேட் வாங்கி, அமெரிக்காவில் குவால்காம் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பிகள், சில நண்பர்கள் இங்கே. அமெரிக்காவில் டோனி தாமஸ் என்ற இன்னொரு கூட்டாளி. கம்பெனிக்கு அட்வென்ட்நெட் என்று பெயர். இன்றைக்கு ஜோஹோ என்று சொன்னால் சின்னப் பையனுக்கும் தெரியும். அதன் ஆரம்பம் மெயிலோ கணக்குப் புத்தகமோ இல்லை சார். நாம் பார்த்தோமே, அந்த வாட்ச்மேன் - செகரட்டரி சமாசாரம். எஸ்.என்.எம்.பி!

எங்கேயோ அமெரிக்காவில் நெட்வொர்க் கருவி செய்கிற கம்பெனிக்கு, அந்தக் கருவியைக் கண்காணிக்கிற மென்பொருளை இங்கே இருந்து எப்படி எழுத முடிந்தது?

ஏனென்றால், அந்தப் பாஷை யாருடைய சொத்தும் இல்லை. பக்க எண்கள், கேள்வி பதில் முறை எல்லாமே பகிரங்கமாக வெளியிடப்பட்ட ஆவணங்கள். லைசென்ஸ் கிடையாது. காசு கிடையாது. படித்துப் புரிந்துகொள்ள மூளை இருந்தால் போதும். கூடவே, 1995-ல்தான் ஜாவா என்ற புதிய கம்ப்யூட்டர் மொழி வந்திருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும், பிரவுசருக்குள்ளேயும் ஓடும். பழைய பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய மூட்டைகளைக் கட்டிக்கொண்டு திண்டாடியபோது, மூட்டையே இல்லாத பையன்கள் நேராகப் புது வண்டியில் ஏறிவிட்டார்கள்.

கருவி தயாரிக்கும் கம்பெனிகள் வாங்கின. வியாபாரம் வளர்ந்தது. அதற்குள் வந்தது 2001. டாட்காம் குமிழி உடைந்து, டெலிகாம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன. அவர்களுக்குக் கருவி விற்றவர்களும் படுத்தார்கள். கருவிக்காரர்களே இல்லை என்றால், கருவியைக் கண்காணிக்கும் மென்பொருளை யார் வாங்குவார்கள்?

இந்த இடத்தில் நிறைய பேர் கடையைச் சாத்தியிருப்பார்கள். வெளியார் முதலீடு எதுவும் வாங்காத கம்பெனி என்பதால், 'மூடு' என்று கழுத்தில் கத்தி வைக்க இங்கே ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்தார்கள். கருவி விற்கிறவனுக்கு விற்றது போதும். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறானே, அவனுக்கு விற்போம்!

*

அந்த முழிக்கிற ஆசாமி யார்? நம்ம ஊர்க்காரர்தான்.

குரோம்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். (அந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே குரோம் லெதர் தொழிற்சாலைதான்.) எண்பது கம்ப்யூட்டர், நாலு சர்வர், ராணிப்பேட்டையில் ஒரு கிளை. தினமும் காலை 11 மணிக்கு எல்லாம் மெதுவாகிவிடுகிறது. பில் போட முடியவில்லை. முதலாளி இன்டர்நெட் லைனை இரண்டு மடங்காக்குகிறார். மறுநாள் 11 மணி. அதே கதை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற பையனைக் கூப்பிட்டுக் காய்ச்சுகிறார். அவன் ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறான். வேறென்ன செய்வான் பாவம்? அவனுக்குக் கண் இல்லை.

அவனுக்கு ஒரு கண் கொடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவியையும் கேட்டு, வரைபடம் போடுகிற ஒரு மென்பொருள். ஒரு வாரத்தில் படம் பேசும். 10.59 வரை தாழ்ந்து கிடக்கும் கோடு, 11 மணிக்குச் சுவர் மாதிரி நிமிர்கிறது. 11.40-க்கு விழுகிறது. எந்தத் துவாரம் வழியாக? டிசைன் பிரிவில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர். போய்ப் பார்த்தால், மொத்தப் படங்களையும் சர்வருக்கு நகல் எடுக்கிற வேலையை ராத்திரி 11-க்கு வைப்பதற்குப் பதில் காலை 11-க்கு வைத்திருக்கிறார்கள். திருத்துவதற்கு ஆன செலவு பூஜ்யம். கண் இல்லாமல் லைனை இரட்டிப்பாக்கியதற்கு ஆன செலவை முதலாளி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கண் அதற்கு முன்னாலும் உண்டு. ஆனால் யாரிடம்? ஹெச்.பி., ஐ.பி.எம்., சி.ஏ., பி.எம்.சி. என்ற நான்கு அமெரிக்க ராட்சதர்களிடம். பெரிய வங்கிகளும் விமான கம்பெனிகளும்தான் விலை கேட்க முடியும். இன்னொரு பக்கம் இலவசமாகவும் கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், 64 கிலோபிட் லைன் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரும் புலம்பியபோது, டோபி ஊட்டிகர் என்பவர் அது எப்போது நிரம்புகிறது என்று படம் போட்டுக் காட்டினார். எம்.ஆர்.டி.ஜி. என்ற அந்த மென்பொருள் 1990-களின் நடுவில் உலகம் சுற்றியது. அமைப்பதற்கு மட்டும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை கிடந்தது. அட்வென்ட்நெட் 2002-ல் அங்கே மேனேஜ் எஞ்சின் என்று கடை போட்டது. ராட்சதர்கள் தருவதில் 90 சதவிகிதம், அவர்கள் விலையில் 10 சதவிகிதம். இதுதான் போர்டில் எழுதியது. நம்ம ஊரில் இட்லிக் கடைக்காரருக்குப் புரிகிற கணக்கு. கடை ஓடியது. அமெரிக்காவில், ஐரோப்பாவில், அரபு நாடுகளில் நடுத்தர கம்பெனிகள் வாங்கின. ஜோஹோவின் மற்ற பரிசோதனைகளுக்கு வயிற்றுக்குச் சோறு போட்டது இந்த வாட்ச்மேன் வேலைதான். 2005-ல் ப்ளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைக் காலேஜ் டிகிரி இல்லாமலே எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக் கொடுக்கிற பள்ளியையும் தொடங்கினார்கள். இன்றைக்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால், கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் நடுவில் அவர்களுடைய பெரிய வளாகம் வருகிறது.

*

சரி, எல்லாம் சுபமா? கண் கிடைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா?

தீரவில்லை. மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

முதல் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பர் 1. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாகிப்போயின. கரன்ட் போனது, டவர் போனது, ஏர்போர்ட்டையே பல நாள் மூடினார்கள். அந்த மாதிரி நாளில் கண்காணிப்புத் திரையைப் பார்த்தால் என்ன தெரியும்? முழுக்கச் சிவப்பு. நாற்பது கருவி, நாற்பது அலாரம். உண்மையில் நின்றது ஒன்றே ஒன்றுதான், கரன்ட். நாற்பது பேர் சேர்ந்து அலறினால் முதலில் விழுந்தது யார் என்று தெரியாது. நல்ல கண்காணிப்பு என்பது எது எதை நம்பி நிற்கிறது என்பதை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்வது. அப்போதுதான் முப்பத்தொன்பது அலாரத்தை அடக்கிவிட்டு ஒன்றைக் காட்ட முடியும். இல்லாவிட்டால் 'புலி வருது' கதைதான். தினமும் முந்நூறு எச்சரிக்கை மெயில் வந்தால், நாலாம் நாள் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவோம். அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது சம்பவம் 2018 செப்டம்பர் 24. உலகத்துக்கே நெட்வொர்க் கண்காணிப்பு விற்கிற ஜோஹோவின் சொந்த இணைய முகவரி காணாமல்போனது! சர்வர் ஓடுகிறது, லைன் இருக்கிறது, எந்தக் கருவியும் கெடவில்லை. ஆனால் ஜோஹோ என்ற பெயரைப் பதிவு செய்து தரும் அமெரிக்க கம்பெனி, யாரோ சில மோசடிப் பேர்வழிகள் ஜோஹோ மெயிலைத் தவறாகப் பயன்படுத்துவதாக வந்த மூன்று புகார்களுக்காக, அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் கம்பெனி. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. வீட்டில் எட்டு கேமரா வைத்திருக்கிறோம். தெருப் பெயர்ப் பலகையை எவனோ கழற்றிக்கொண்டு போனால் எந்தக் கேமராவில் தெரியும்?

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாத சம்பவம்.

2021 செப்டம்பர். மேனேஜ் எஞ்சினின் இன்னொரு தயாரிப்பில், ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருளில், ஒரு ஆபத்தான ஓட்டை இருப்பது தெரிந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஜோஹோ உடனே வெளியிட்டது. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பும் எச்சரித்தது. திருத்தம் தயார். அதை அவரவர் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஜெனீவாவில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அதைப் போட்டுக்கொள்ளத் தவறிவிட்டது. 2021 நவம்பர் 9-ம் தேதி திருடர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18. நடுவில் 70 நாள். உள்ளே இருந்தவை 5 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் விவரங்கள். யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள், சிறையில் இருப்பவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், அவர்களைத் தேடுகிற அம்மா அப்பாக்கள். காணாமல்போனவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் வேலையைச் செய்துவந்த கம்ப்யூட்டர்களை உடனே இழுத்து மூட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் செஞ்சிலுவைச் சங்கமே மறைக்காமல் வெளியில் சொன்னது. அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2020 டிசம்பரில், சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க கம்பெனியின் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளுக்குள்ளேயே உளவாளிகள் புகுந்தது அம்பலமானது. கம்பெனியே அனுப்பிய 'அப்டேட்' மூலம் சுமார் 18,000 இடங்களுக்கு விஷம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஏன் வாட்ச்மேனையே குறிவைக்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள். எல்லா வீட்டுச் சாவியும் அவரிடம்தானே இருக்கிறது! எல்லாக் கருவியோடும் பேச அனுமதி பெற்ற ஒரே கம்ப்யூட்டர் அதுதான். எஸ்.என்.எம்.பி.யின் பழைய வடிவத்தில் ரகசிய வார்த்தை என்ன தெரியுமா? பல கருவிகளில் 'பப்ளிக்'. ஆமாம், அதுதான் ரகசியம்! பாதுகாப்பான மூன்றாம் வடிவம் 2002-லேயே முழுத் தரநிலையாகிவிட்டது. இருந்தும் பழைய வார்த்தையை மாற்றாத ஆபீஸ்கள் இன்னும் உண்டு.

1980-ல் ஆர்ப்பாநெட்டைக் கொன்றது அதன் உடல்நல அறிக்கைதான் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வருஷத்தில் கருவி மாறியது, வேகம் மாறியது. பாடம் மாறவில்லை. காவலுக்கு நிற்கிறவரையும் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு கடையோ, ஆஸ்பத்திரியோ, பள்ளிக்கூடமோ, பத்து கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸோ இருந்தால், நாளைக்குக் காலையில் உங்கள் கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டு நாலே கேள்வி கேளுங்கள். நம்ம லைன் சாதாரணமாக எவ்வளவு ஓடும் என்று படம் இருக்கிறதா? அலாரம் அடித்தால் யார் போனுக்கு வரும்? அதைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? கண்காணிக்கிற அந்த மென்பொருளுக்கு வந்த திருத்தத்தைப் போட்டாயா? அவன் தலையைச் சொறிந்தால் திட்டாதீர்கள். இதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. லைனுக்குக் காசு கட்டுகிற நாம், கண்ணுக்குக் காசு கொடுத்ததில்லை.

செகரட்டரி கேட்பதை நிறுத்தினால், வாட்ச்மேன் நோட்டில் எழுதியும் புண்ணியமில்லை. 70 நாள் என்பது ஐந்து நிமிஷக் கணக்கில் 20,160 தடவை. அத்தனை தடவையும் ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருக்கிறது.

அடுத்த முறை யாராவது 'சிஸ்டம் ஸ்லோ சார்' என்றால், உட்காருவதற்கு முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

"எங்கே ஸ்லோ?"